லீவு இல்லாத ஏழு நாட்கள்

மகளுக்குப் பள்ளியில் ஒரு ப்ராஜெக்ட் கொடுத்திருந்தார்கள். ஆறாம் வகுப்பு. ‘உங்கள் வீட்டில் கொண்டாடும் முக்கியப் பண்டிகைகள் - பெயர், நாள், காரணம்.’ அவளே உட்கார்ந்து எழுதி, கலர் பென்சிலில் நட்சத்திரமெல்லாம் போட்டுக் கொண்டுவந்து காட்டினாள். ஒன்று கிறிஸ்துமஸ். இரண்டு நியூ இயர். மூன்று குட் ஃப்ரைடே. நான்கு ஈஸ்டர். அவ்வளவுதான். நியூ இயருக்குக் காரணம் என்ற இடத்தில், ‘ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கோயிலில் வசன அட்டை கொடுப்பார்கள்’ என்று எழுதியிருந்தாள்.

முதலில் சிரித்துவிட்டேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை. அவள் எழுதியதில் தப்பே இல்லை. எங்கள் வீட்டில் கொண்டாடுவதைத்தானே கேட்டார்கள்? நாங்கள் கொண்டாடுவது அந்த நாலுதான்.

இந்தப் பக்கத்துக்கு வழக்கமாக வருபவர்களுக்கு என் ஜாதகம் தெரியும். புதியவர்களுக்காக: சொந்த ஊர் நாசரேத் பக்கம் ஒரு சின்ன கிராமம். பிழைப்பு புனேயில், கணக்கு வழக்கு பார்க்கும் வேலை. சபை, சிஎஸ்ஐ. அதாவது பழைய ஆங்கிலிக்கன் வழி. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை கதீட்ரலில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை எல்லாம் சேர்ந்து ஒன்றான சபை. இங்கே வடக்கே அதேபோல 1970 நவம்பர் 29 அன்று நாக்பூரில் உருவானது சிஎன்ஐ. நாங்கள் இங்கே போவது ஒரு சிஎன்ஐ கோயிலுக்கு. காலையில் இங்கிலீஷ், அப்புறம் மராத்தி, சாயங்காலம் தமிழ். தமிழ் ஆராதனைக்கு ஐயர் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் சபையார் யாராவது நடத்துவோம். வெளி மாநிலத்தில் இருக்கிற பல தமிழ்ச் சபைகளின் நிலைமை இதுதான்.

மற்ற மதத்து நண்பர்களும் இதை வாசிக்கலாம். நான் சொல்லப் போகிற நோய் எல்லா வீட்டிலும் உண்டு. பொங்கலை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளி வைத்துக் குக்கரில் வைத்தவர்கள் கை தூக்குங்கள் பார்க்கலாம் :-)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆங்கிலிக்கன் சபையில் உண்மையிலேயே எத்தனை பெரிய நாட்கள்? 1662ஆம் வருஷத்து ஜெபப்புத்தகத்தின் முன்பக்கத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. எல்லா ஞாயிறுகளும் போக, ஏறக்குறைய முப்பது திருநாள். அப்போஸ்தலர் ஒவ்வொருவருக்கும் ஒரு நாள். அடுத்தாற்போல உபவாச நாட்கள்: லெந்துவின் நாற்பது நாள், வருஷத்தின் எல்லா வெள்ளிக்கிழமையும். கிறிஸ்துமஸ் வெள்ளியில் வந்தால் மட்டும் விலக்கு. ‘இதெல்லாம் பழசு’ என்று நினைப்பவர்களுக்கு, 2000ஆம் வருஷம் இங்கிலாந்து சபை வெளியிட்ட புது ஆராதனை முறையில் பட்டியல் சுருக்கமாக இருக்கிறது. தலையாய திருநாட்கள் ஒன்பது: கிறிஸ்துமஸ், பிரசன்னத் திருநாள் (ஜனவரி 6), இயேசுவை ஆலயத்தில் ஒப்புக்கொடுத்த நாள் (பிப்ரவரி 2), மரியாளுக்குத் தூதன் செய்தி சொன்ன நாள் (மார்ச் 25), ஈஸ்டர், பரமேறின நாள், பெந்தெகொஸ்தே, திரித்துவ ஞாயிறு, சகல பரிசுத்தவான்களின் நாள் (நவம்பர் 1). இவற்றோடு சாம்பல் புதன், பெரிய வியாழன், பெரிய வெள்ளி மூன்றும் பரிசுத்த நாட்கள். ஆக மொத்தம் பன்னிரண்டு.

கணக்குப் பிள்ளை புத்தி, உடனே பிரித்துப் பார்த்தேன். ஈஸ்டர், பெந்தெகொஸ்தே, திரித்துவம் மூன்றும் எப்போதும் ஞாயிறு. கோயிலுக்குப் போனாலே வந்துவிடும். கிறிஸ்துமஸுக்கும் பெரிய வெள்ளிக்கும் அரசாங்க லீவு உண்டு. மீதி ஏழு. அந்த ஏழும் லீவும் இல்லாமல் ஞாயிறும் இல்லாமல் வாரத்தின் நடுவில் வந்து நிற்பவை. (பெங்களூர்க்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். நவம்பர் 1 அங்கே கன்னட ராஜ்யோத்சவம், லீவு.) என் மகளின் பட்டியலில் காணாமல் போனவற்றில் பெந்தெகொஸ்தேயையும் திரித்துவத்தையும் கழித்தால் மிஞ்சுவது சரியாக அந்த ஏழும்தான்.

அதாவது எங்கள் வீட்டில் எது பண்டிகை என்பதைச் சபை தீர்மானிக்கவில்லை. மனிதவளத் துறை அனுப்புகிற லீவு லிஸ்ட் தீர்மானித்திருக்கிறது!

நியூ இயர் கதை இன்னும் வேடிக்கை. வருஷத்திலேயே எங்கள் கோயிலில் கூட்டம் பிதுங்குவது டிசம்பர் 31 ராத்திரிதான். வெளியே ஷாமியானா போட்டு நாற்காலி போடுவோம். ஆனால் பழைய ஜெபப்புத்தகத்தில் ஜனவரி 1 புது வருஷப் பிறப்பு அல்ல. பாலகன் இயேசுவுக்கு எட்டாம் நாளில் விருத்தசேதனம் செய்து பெயர் வைத்த நாள். நடுராத்திரி விழிப்பு ஆராதனை மொராவியர், மெதடிஸ்ட் வழியாக வந்த வழக்கம். அதைக் குறை சொல்லவில்லை. நானும்தான் போகிறேன், வசன அட்டைக்கு நானும்தான் கை நீட்டுகிறேன். ஆனால் அதற்கு ஐந்து நாள் கழித்து, ஜனவரி 6ஆம் தேதி சாயங்காலம் கதவைத் திறந்து வைத்தால் எத்தனை பேர் வருவோம்?

இந்த நாட்களை ஏன் தொலைத்தோம் என்று யோசித்தால், முதலில் காலண்டரின் அமைப்பே நமக்கு மறந்துவிட்டது. அதில் இரண்டு சக்கரம் சுற்றுகிறது. ஒன்று தேதி மாறாதது. கிறிஸ்துமஸை வைத்து ஓடுவது. அதற்கு முந்தின நாலு ஞாயிறு அட்வெந்து. அதற்குப் பிந்தின பன்னிரண்டு நாள் கிறிஸ்துமஸ் காலம், ஜனவரி 6 வரை. இன்னொன்று நிலாவை வைத்து ஓடுவது. மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். (சபையின் பௌர்ணமி அட்டவணைக் கணக்கில் வருவது. வானத்துப் பௌர்ணமியோடு சில சமயம் ஒரு நாள் முன்பின் ஆகும்.) அதனால் ஈஸ்டர் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் நடுவில் எங்கேயும் வரலாம். அதிலிருந்து பின்னோக்கி எண்ணினால் சாம்பல் புதன். முன்னோக்கி எண்ணினால் நாற்பதாம் நாள் வியாழன் பரமேறின நாள், ஐம்பதாம் நாள் பெந்தெகொஸ்தே. சாம்பல் புதனில் இருந்து ஈஸ்டருக்கு முந்தின சனி வரை 46 நாள். ஆறு ஞாயிறைக் கழித்தால் நாற்பது. ஞாயிறு உயிர்த்தெழுந்த நாள், அதனால் உபவாசக் கணக்கில் சேராது.

பௌர்ணமிக் கணக்கு நம்மவர்களுக்கு அன்னியமானதே அல்ல. 2019இல் தமிழ்நாட்டில் நாடாளுமன்றத் தேர்தல் ஏப்ரல் 18ஆம் தேதி நடந்தது ஞாபகம் இருக்கும். அது எங்களுக்குப் பெரிய வியாழன். மதுரைக்காரர்களுக்குச் சித்திரைத் தேரோட்டம். அதனால் மதுரையில் மட்டும் வாக்குப்பதிவுக்கு இரண்டு மணி நேரம் கூடுதலாகக் கொடுத்தார்கள். மறுநாள் அழகர் ஆற்றில் இறங்கினார், நாங்கள் பெரிய வெள்ளி ஆராதனையில் இருந்தோம். இரண்டும் ஒரே வாரத்தில் வந்தது தற்செயல் இல்லை. இரண்டு பேரும் பார்த்தது ஒரே நிலாவை!

இரண்டாவது காரணம் வேலை. ‘ஊரை விட்டு வந்தாச்சு, இங்கே யார் லீவு தருவா?’ இந்த வாதத்தை நான் பல வருஷம் சொல்லியிருக்கிறேன். என்னைப் போன்ற கணக்குத் தொழிலில் இருப்பவர்களுக்கு அது பாதி உண்மையும் கூட. மார்ச் மாதம் எங்களுக்கு எப்படி இருக்கும் என்று என் மனைவியைக் கேளுங்கள். இதில் ஒரு வேடிக்கை. மார்ச் 25, தூதன் செய்தி சொன்ன நாள், கிறிஸ்துமஸுக்குச் சரியாக ஒன்பது மாதம் முன்பு. 1752க்கு முன்பு வரை இங்கிலாந்தில் சட்டப்படி வருஷம் பிறந்ததே அந்த நாளில்தான். வாடகை, குத்தகை, காலாண்டுக் கணக்கு தீர்க்கும் நாளும் அதுதான். அந்த வருஷம் காலண்டரைத் திருத்தி 11 நாளை வெட்டினார்கள். அதன் தொடர்ச்சியாகத்தான் அங்கே தனிநபர் வருமான வரி வருஷம் இன்றும் ஏப்ரல் 6இல் தொடங்குகிறது. நம் ஏப்ரல் 1 கணக்கு, 1867இல் பிரிட்டிஷ் அரசாங்கத்தின் நிதியாண்டோடு ஒத்துப்போக வைத்தது. ஒரு திருநாள் கணக்கு முடிக்கும் நாளாக இருந்தது ஒரு காலம். கணக்கு முடிப்பதால் திருநாள் போனது எங்கள் காலம்.

இப்போது கொஞ்சம் சங்கடமான கதை. இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன்.

2024. அந்த வருஷம் ஈஸ்டர் மார்ச் 31. நிதியாண்டின் கடைசி நாள். பெரிய வெள்ளி 29. பங்குச் சந்தைக்கு லீவு, எங்கள் கம்பெனிக்கும் லீவு. ஆனால் வருமான வரி அலுவலகங்கள் 29, 30, 31 மூன்று நாளும் திறந்திருக்கும் என்று உத்தரவு வந்திருந்தது. அரசாங்கப் பணம் வாங்கும் வங்கிக் கிளைகளையும் ஈஸ்டர் ஞாயிறன்று திறந்து வைக்கச் சொல்லி ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தது. வியாழன் சாயங்காலம் மேலதிகாரி, ‘நாளைக்கு ஒரு மணி நேரம் வந்துட்டுப் போயிடு, ப்ளீஸ்’ என்றார். சரி என்றேன். பத்து மணிக்குப் போனேன். பன்னிரண்டுக்குக் கிளம்பிவிடலாம் என்று நினைத்தேன். சீட்டை விட்டு எழுந்தபோது மணி ஆறு.

பெரிய வெள்ளியில் பன்னிரண்டில் இருந்து மூன்று வரைதான் ஆராதனை. சிலுவையில் இருந்து சொன்ன ஏழு வார்த்தைகள், ஏழு பேர் பேசுவார்கள். (இந்த மூன்று மணி ஆராதனை இங்கிலாந்தில் பிறந்ததல்ல. 17ஆம் நூற்றாண்டில் பெரு நாட்டின் லிமா நகரில் ஒரு இயேசு சபைக் குரு தொடங்கியது. கத்தோலிக்கர் வழியாக ஆங்கிலிக்கனுக்கு வந்து, அங்கிருந்து எங்கள் ஊருக்கு வந்தது.) ஊரில் ஃபேன் இல்லாத காலத்திலும் அந்த மூன்று மணி நேரம் ஒருத்தர் எழுந்திருக்க மாட்டார்கள். முடிந்ததும் கோயில் வாசலில் கஞ்சி, காணத் துவையல். அந்தக் கஞ்சியின் ருசி எந்தக் கிறிஸ்துமஸ் பிரியாணிக்கும் வராது.

அன்றைக்கு ராத்திரி எட்டு மணிக்கு அப்பா போன் செய்தார்.

“என்னய்யா, கோயிலுக்குப் போனியா?”

“போனேன்ப்பா.”

“ஏழு வார்த்தையும் இருந்து கேட்டியா?”

“கேட்டேன்ப்பா.”

“யாரு பேசுனா?”

“புது ஐயர் ஒருத்தர்ப்பா. நல்லாப் பேசுனாரு.”

அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். தனக்கு முழங்கால் வலி, ஆனாலும் மூன்று மணி நேரமும் உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார். கஞ்சி இந்த வருஷம் கொஞ்சம் உப்பு கூடிவிட்டது என்றார். போனை அம்மாவிடம் கொடுத்தார்.

அந்த வருஷம் ஆகஸ்டில் அப்பா போய்விட்டார்.

பெரிய வெள்ளி பற்றி அவரிடம் கடைசியாகப் பேசியது அந்தப் பொய்தான். யாரையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. மேலதிகாரி கெட்டவர் அல்ல. ‘சார், எனக்குப் பன்னிரண்டில் இருந்து மூன்று வரை ஆராதனை, மூன்றரைக்கு வருகிறேன்’ என்று சொல்லியிருந்தால் ‘அப்படியா, போய்ட்டு வா’ என்றிருப்பார். நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்றால், கூச்சம். ஆபீஸில் நான் ஒருத்தன்தான் கிறிஸ்தவன். ஒருத்தனுக்காக எதற்கு என்று ஒரு பெருந்தன்மை!

2015இல் நடந்ததை அப்போது நினைத்துக்கொண்டேன். அந்த வருஷம் பெரிய வெள்ளி ஏப்ரல் 3. அன்றைக்குத் தொடங்கி மூன்று நாள், உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதிகளின் மாநாட்டை டெல்லியில் வைத்திருந்தார்கள். உச்ச நீதிமன்ற நீதிபதி குரியன் ஜோசப், அது குடும்பத்தோடும் ஆராதனையிலும் இருக்க வேண்டிய நாள் என்று தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். பிரதமரின் விருந்துக்கும் வர இயலாது என்றார். மாநாடு மாறவில்லை. பத்திரிகைகளில் இரண்டு பக்கமும் பேசினார்கள். அவர் செய்தது சரியா, அவசியமா என்று வாதிடலாம். ஆனால் அவர் கேட்டார். பெரிய பதவியில் இருப்பவர், கூச்சப்பட இன்னும் அதிகக் காரணம் இருப்பவர், கேட்டார். நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்? லீவு மறுக்கப்பட்ட நாட்களை விட நாம் கேட்காமலே விட்ட நாட்கள்தான் அதிகம் என்பது என் கட்சி.

மூன்றாவது காரணம், எல்லாவற்றையும் ஞாயிறுக்குத் தள்ளுவது. இதில் நான் முழுசாக எதிர்க்கட்சி அல்ல. ஐயர் மாதம் ஒருமுறை வருகிற இடத்தில், பாதி ஜனம் ஷிப்ட் வேலையில் இருக்கிற இடத்தில், பரமேறின நாளை அடுத்த ஞாயிறு வைத்தால் வைத்துவிட்டுப் போகட்டும். சுத்தமாக விடுவதற்கு அது மேல். பிரசன்னத் திருநாளையும் அப்படியே தள்ளலாம். சாஸ்திரிகள் நட்சத்திரத்தைப் பார்த்து வந்து சேர எத்தனை நாள் ஆனதோ, நாலு நாள் தாமதம் பெரிசில்லை.

ஆனால் தள்ளக்கூடாத நாட்கள் உண்டு. உபவாச நாளை ஞாயிறுக்குத் தள்ள முடியாது, ஞாயிறுக்கு உபவாசமே கிடையாது. புதன் புதனாகத்தான் இருக்க வேண்டும். அந்த நாளின் அர்த்தமே ஆபீஸ் இருக்கிற நாளில், லஞ்ச் டைமில், பசியோடு ஒரு எக்செல் ஷீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதில்தான் இருக்கிறது. 2018லும் 2024லும் சாம்பல் புதன் பிப்ரவரி 14 அன்று வந்தது. ஆபீஸ் முழுக்கச் சிவப்பு பலூன், மேஜைக்கு மேஜை சாக்லேட். எடுக்கலாமா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன் பாருங்கள், அந்த ஒரு நிமிஷம்தான் லெந்து. (சாக்லேட் எடுத்தேனா என்று கேட்காதீர்கள்.) சின்ன வயதில் எனக்கு ஒரு சந்தேகம்: சாம்பல் புதன் என்கிறார்கள், கத்தோலிக்கப் பையன்கள் நெற்றியில் சாம்பலோடு வருகிறார்கள், எங்களுக்கு ஏன் சாம்பல் இல்லை? 1662 புத்தகத்தில் அன்றைக்கு இருப்பது சாம்பல் இல்லை, நியாயப்பிரமாணத்தின் சாபங்களை வாசித்து ஜனங்கள் ஆமென் சொல்கிற ஒரு முறை. அயலானின் எல்லைக்கல்லை நகர்த்துகிறவன் சபிக்கப்பட்டவன் என்று வரும். வாய்க்கால் வரப்புத் தகராறு உள்ள ஊரில் அந்த ஆமென் கொஞ்சம் மெதுவாகத்தான் கேட்கும்!

நாலாவது, நேரெதிர்த் தவறு. உபவாச காலத்தை விருந்துக் காலமாக்கிவிட்டோம். அட்வெந்து காத்திருக்கிற காலம். ஆனால் டிசம்பர் முதல் தேதியில் இருந்து கேரல், கேக், கிறிஸ்துமஸ் ட்ரீ, சீக்ரெட் சான்டா, சங்கத்து விருந்து. 25ஆம் தேதி சாயங்காலம் எல்லாரும் களைத்துப் போகிறோம். 26ஆம் தேதி ஸ்டாரைக் கழற்றிவிடுகிறோம். கிறிஸ்துமஸ் அப்போதுதான் தொடங்குகிறது ஐயா! 26 ஸ்தேவான், 27 யோவான், 28 ஏரோது கொன்ற குழந்தைகள். பிறந்தநாள் கேக் வாசனை போவதற்குள் முதல் இரத்தசாட்சியையும் கொல்லப்பட்ட பிள்ளைகளையும் கொண்டுவந்து வைத்தவர்கள் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கு லீவு, வேலையும் சுணக்கம். அந்த வாரத்தில் பிள்ளைகளுக்கு இந்த மூன்று கதையைச் சொல்ல எந்த மேலதிகாரியிடமும் கேட்க வேண்டியதில்லை.

‘வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போன காலண்டரை நாம் ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும்?’ இந்தக் கேள்வியும் வரும். நியாயமான கேள்வி. இரண்டு பதில் வைத்திருக்கிறேன்.

ஒன்று, இந்தக் காலண்டர் வளர்கிற காலண்டர். நம் ஊரில் ஜனம் உயிரைக் கொடுத்து நடத்துகிற அறுப்பின் பண்டிகை 1662 புத்தகத்தில் கிடையாது. இங்கிலாந்தில் இப்போதுள்ள வடிவில் அதைத் தொடங்கியது, கார்ன்வால் கடற்கரைக் கிராமம் ஒன்றின் குருவான ராபர்ட் ஹாக்கர், 1843இல். அதை நாம் எடுத்து, வாழைத்தாரும் பனங்கிழங்கும் சேவலுமாக ஏலம் போட்டு நம்முடையது ஆக்கிக்கொண்டோம். இங்கே புனேயில் ஒரு பூசணிக்காய் இரண்டாயிரம் ரூபாய்க்குப் போகும். அதை வாங்கினவர் வீட்டில் பூசணிக்காயே சாப்பிட மாட்டார்கள். அதேபோல தோமா நாள் பழைய புத்தகத்தில் டிசம்பர் 21. இப்போது இங்கிலாந்திலேயே ஜூலை 3. நம் நாட்டுக் கிறிஸ்தவர்கள் அவரை நினைக்கிற அதே தேதி.

இரண்டு, அந்தக் காலண்டரில் நம் ஆட்களும் இருக்கிறார்கள். இங்கிலாந்து சபையின் காலண்டரில் ஜனவரி 2ஆம் தேதிக்கு எதிரே ஒரு பெயர் இருக்கிறது: வேதநாயகம் சாமுவேல் அசரியா. திருச்செந்தூர் பக்கம் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்தவர். 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர். ஊரை விட்டுத் தெலுங்கு தேசத்துத் தோர்ணக்கல்லுக்குப் போனார். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா கதீட்ரலில் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயராக அபிஷேகம் பெற்றார். 1945 ஜனவரி 1 அன்று இறந்தார். வேற்று மொழி, வேற்று ஊர், வாழ்க்கை முழுக்க அங்கேயே. நம்மைப் போல வெளியூர் போனவர்! ஜனவரி 18இல் எமி கார்மைக்கேல், டோனாவூரில் குழந்தைகளை வளர்த்தவர், வெளியூரில் இருந்து நம் ஊருக்கு வந்தவர். லண்டனில் இந்தப் பெயர்களை நினைக்கிறார்கள். புனேயில் இருக்கும் நெல்லைக்காரன் மகளுக்குத் தெரியாது.

கடைசியாக நவம்பர். எங்கள் ஊரில் நவம்பர் 2 கல்லறைக்குப் போவோம். புல் செதுக்கி, வெள்ளையடித்து, பூப்போட்டு, மெழுகுவர்த்தி கொளுத்துவோம். ஜெபப்புத்தகத்தில் நவம்பர் 1 சகல பரிசுத்தவான்களின் நாள் மட்டும்தான் உண்டு. மறுநாளைச் சீர்திருத்தக் காலத்தில் எடுத்துவிட்டார்கள். எடுத்தால் என்ன, எங்கள் ஊர்க் கிழவிகள் விடவில்லை.

அப்பா போன பிறகு முதல் நவம்பர் 2024. போகத்தான் நினைத்தேன். அந்த வருஷம் தீபாவளி அக்டோபர் 31. ரயிலில் டிக்கெட் இல்லை, விமானத்தில் விலை சொல்லி மாளாது. அம்மாவே, “நீ அலையாதய்யா, நான் பாத்துக்கிடுதேன்” என்றார். நவம்பர் 1 இங்கே லட்சுமி பூஜை. தெரு முழுக்க விளக்கு, வெடிச்சத்தம். சாயங்காலம் ஏழு மணிக்குப் பால்கனியில் மெழுகுவர்த்தி வைத்தோம். ஒரு தாளில் பெயர்கள் எழுதினோம். அப்பா, தாத்தா, இரண்டு ஆச்சி, மனைவியின் தம்பி. மகள் ஒவ்வொரு பெயராக வாசித்தாள். சங்கீதம் ஒன்று, கர்த்தருடைய ஜெபம். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. பக்கத்து வீட்டுக் காக்கு சிவ்டாவும் சக்லியும் தட்டில் கொண்டுவந்தவர், எங்கள் மெழுகுவர்த்தியைப் பார்த்து, நாங்களும் தீபாவளி கொண்டாடுவதாக நினைத்துச் சந்தோஷப்பட்டார். விளக்கிச் சொன்னேன். தட்டைக் கீழே வைத்துவிட்டு அப்பா பெயரைக் கேட்டார். அவரும் ஒரு நிமிஷம் கைகூப்பி நின்றார்.

அன்று ராத்திரி மகள் கேட்டாள், “தாத்தாவுக்கு இது தெரியுமாப்பா?” எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியும் என்றுதான் நம்புகிறோம், அதற்குத்தான் இந்த நாள் என்றேன்.

பிறகு ஒரு வருஷம் முடியவில்லை, நவம்பரில் டூர் என்று விட்டுவிட்டேன். அதனால்தான் அவள் பட்டியலில் அது வரவில்லை. ஒருமுறை செய்தது பண்டிகை ஆகாது. வருஷாவருஷம் வந்தால்தான் பண்டிகை. ப்ராஜெக்டைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்று இருந்ததற்குக் காரணம் அதுதான்.

ஆகவே நான் சொல்ல வருவது பெரிசாக ஒன்றும் இல்லை. லீவு கேட்டுப் போராட்டம் வேண்டாம். ஏழு நாளுக்கும் ஐயரை வரவழைக்க வேண்டாம். போனில் இந்த ஏழு நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தந்த நாளில், ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பு பத்து நிமிஷம். அன்றைக்குரிய வேதபாகத்தைப் பிள்ளைகள் தமிழில் வாசிக்கட்டும், தப்பும் தவறுமாக வாசித்தாலும் சரி. பெரிய வெள்ளிக்கு மட்டும் பன்னிரண்டில் இருந்து மூன்று வரை வெளியே போகிறேன் என்று வாய் திறந்து சொல்லிவிடுங்கள். கேட்டால் கிடைக்கும். கிடைக்காவிட்டாலும், ஊரில் இருந்து போன் வரும்போது பொய் சொல்ல வேண்டியிருக்காது.

மகளிடம் ப்ராஜெக்டைத் திருத்தச் சொல்லவில்லை. அப்படியே கொடுத்தாள், ‘ஏ’ வாங்கினாள். அடுத்த வருஷம் அதே கேள்வி வந்தால் பட்டியல் நீளமாக இருக்க வேண்டும். அது அவள் பொறுப்பு இல்லை.

பி.கு: காணத் துவையல் செய்முறை கேட்டு யாராவது வருவார்கள் என்று தெரியும். அம்மாவிடம் கேட்டு அடுத்த முறை எழுதுகிறேன். உப்பு மட்டும் பார்த்துப் போடுங்கள்.